சந்தையைப் படிப்பதும் சந்தைப்படுத்தல் படிப்பதும்

வாசகர் கேள்வி – பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வன்னியிலிருந்து வரும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த இதழுக்குச் சந்தைப்படுத்தல் படிப்பு பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கடிதத்துக்குள் அடக்கியிருக்கிறோம்.

கேள்வி: வர்த்தகப் பிரிவில் படித்தேன். மார்க்கெட்டிங்தான் படிப்பது என்று முடிவோடு இருக்கிறேன். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் முழு உதவியோடு இடம் கிடைக்கலாம் என்று தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தால் அங்கே மார்க்கெட்டிங் என்ற பட்டமே இல்லை. விண்ணப்பிப்பது வீண் வேலையா?
— மாணவி, கிளிநொச்சி

பதில்: வீண் வேலை அல்ல. ஆனால் அங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

லிபரல் ஆர்ட்ஸ் என்பதில் வரும் ‘ஆர்ட்ஸ்’ நம்மூர் உயர்தரக் கலைப் பிரிவு அல்ல. கணிதம், உயிரியல், பொருளியல், இலக்கியம், ஓவியம் எல்லாம் அதற்குள் அடக்கம். மாணவர் முதலிரண்டு ஆண்டுகள் பல துறைகளிலும் கால் நனைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடிகிற வேளையில் தன் முதன்மைத் துறையைச் சொல்வார். ஆமர்ஸ்ட், போடன் என்ற இரு கல்லூரிகளிலும் பட்டத்துக்கு 32 பாடங்கள் வேண்டும். முதன்மைத் துறைக்குப் போவது அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். இரண்டிலும் வணிக முகாமைத்துவம் என்ற துறையே கிடையாது. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் போல, லிபரல் ஆர்ட்ஸ் சூழலுக்குள் வணிகப் பள்ளியையும் வைத்திருக்கிற இடங்களும் உண்டு. அங்கே சந்தைப்படுத்தலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம்.

துறை இல்லாத கல்லூரிக்குப் போனால் சந்தைப்படுத்தலை நீங்களே வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். புள்ளிவிபரவியலை முதலாண்டிலேயே எடுங்கள். தள்ளிப்போட்டால் பின்னால் வரும் நல்ல பாடங்களுக்கு வாசல் அடைபடும். விலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நுண்பொருளியல். ‘நுகர்வோர் நடத்தை’ என்று வணிக பீடங்களில் கற்பிக்கப்படுவதன் வேர் சமூக உளவியலிலும் அறிதல் உளவியலிலும் இருக்கிறது, அவற்றில் ஒவ்வொன்று. மானிடவியல் அல்லது சமூகவியலில் கள ஆய்வு முறைப் பாடம் ஒன்று: ஏன் வாங்குகிறீர்கள் என்று கேளாமல், வாங்குவதைப் பார்த்து அறிகிற பயிற்சி அது. பொருளாதார அளவையியல் கடினம், ஆனாலும் விடாதீர்கள். விளம்பரம் போட்ட மாதத்தில் விற்பனை கூடினால் அது விளம்பரத்தாலா தைப்பொங்கலாலா என்று பிரித்துச் சொல்ல அதுதான் உதவும். எழுத்துப் பாடம் ஒன்றும் காட்சி வடிவமைப்புப் பாடம் ஒன்றும் சேர்த்தால் எட்டுப் பாடங்கள். 32க்குள் இவை தாராளமாக அடங்கும்.

கிடைக்காமல் போவது எது? செலவுக் கணக்கு, விநியோக வழிகள், விற்பனைக் குழுவை நடத்துவது, வர்த்தகச் சட்டம். இதில் முதலாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உயர்தரக் கணக்கீட்டில் நீங்கள் எழுதித் தள்ளிய நிதிக் கூற்றுகளைத் தொடாமலே அங்கே பொருளியலில் பட்டம் பெற்றுவிடலாம். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கு லிபரல் ஆர்ட்ஸ் பொருந்தும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மற்றவற்றைக் கோடை விடுமுறை உள்ளகப் பயிற்சியில் பிடிக்கலாம்.

பண விடயத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆமர்ஸ்ட், போடன் இரண்டும் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறார் என்பதை வைத்து இடத்தை மறுப்பதில்லை. இடம் தந்தால் தேவையான உதவியை முழுதாகத் தருவார்கள். ஆனால் உள்ளே நுழையும் வாசல் மிக ஒடுக்கம். ஏனைய பல கல்லூரிகளில் நீங்கள் கேட்கும் தொகையும் தெரிவில் எடை போடப்படும். எனவே இரண்டு வகையிலும் கலந்து விண்ணப்பியுங்கள். பொதுவான கடைசி நாள் ஜனவரித் தொடக்கத்தில் வரும். முந்திய சுற்று நவம்பரில்.

நம் பக்கத்து விண்ணப்பங்கள் வருமானப் படிவத்தில்தான் சறுக்குகின்றன. சம்பளத் துண்டு இல்லாத விவசாயக் குடும்பம், காலபோக நெல் விற்ற மாதத்தின் காசை ‘மாத வருமானம்’ என்ற கட்டத்தில் எழுதிவிடும். அங்கே அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்ப்பார்கள். நீங்கள் வசதியான குடும்பமாகிவிடுவீர்கள். ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் தனியாக எழுதுங்கள்: காலபோகம் எத்தனை ஏக்கர், எத்தனை மூடை, என்ன விலை; சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்ததா; விதை, உரம், உழவு, வெட்டுக் கூலி எவ்வளவு; மிஞ்சியது எவ்வளவு. கிராம அலுவலர் தரும் வருமானச் சான்றிதழில் உள்ள தொகையும் இந்தத் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும், அதற்குள் திகதி கடந்துவிடும்.

கட்டுரை பற்றி ஒரு வார்த்தை. போரையும் இடப்பெயர்வையும் எழுதினால்தான் இரக்கம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுத விரும்பினால் எழுதுங்கள். ஆனால் தெரிவுக் குழு தேடுவது உங்கள் யோசனை எப்படி ஓடுகிறது என்பதை. பரந்தன் சந்தியில் மூன்று தேநீர்க் கடைகளில் ஒன்றில் மட்டும் ஏன் கூட்டம் என்று ஆராய்ந்து எழுதிய 600 சொற்களும் போதும்.

கொழும்பிலுள்ள அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனைப் பிரிவு இயங்குகிறது. தரகருக்குக் காசு கொடுக்க முன் அங்கே தொடர்புகொள்ளுங்கள். கடல் கடந்து அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், பங்களாதேஷின் சிட்டகொங்கில் 2008இலிருந்து இயங்கும் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகமும் லிபரல் ஆர்ட்ஸ் முறையில் கற்பிப்பதுதான். அங்கே பொருளியல் உண்டு, உதவித்தொகையில் படிப்பவர்கள் பலர், ஆங்கிலத்தைத் திடப்படுத்த முன்னாயத்தப் படிப்பும் உண்டு. மேலே சொன்ன தையல் வேலை அங்கும் செல்லும்.

கேள்வி: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வவுனியாவை முதலில் போடுவதா, யாழ்ப்பாணத்தையா, ஜயவர்த்தனபுரத்தையா? இசட் புள்ளி ஓரளவுதான்.
— மாணவன், புதுக்குடியிருப்பு

பதில்: எது கிடைக்கும் என்று பாராமல், எது வேண்டும் என்ற வரிசையில் போடுங்கள். நீங்கள் இட்ட வரிசையில் உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதலாவது இடமே உங்களுக்கு ஒதுக்கப்படும். மேலே ஜயவர்த்தனபுரத்தைப் போட்டதனால் கீழே இருக்கிற வவுனியா கைவிட்டுப் போகாது. வவுனியாவை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால்தான் மற்றது போகும். கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கும் குறியீட்டை ஒரு எழுத்து மாற்றி நிரப்பிவிட்டு, வேறு பாடத்துக்குத் தெரிவானவர்கள் உண்டு. நிரப்பியதை வேறொருவர் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலோடு ஒப்பிட்டு வாசித்துப் பார்க்கட்டும்.

மாவட்டக் கணக்கு உங்களுக்குச் சாதகமானது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. ஆனால் பிறந்த ஊரை வைத்து மாவட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. படித்த பாடசாலைகளைப் பார்ப்பார்கள். உயர்தரத்துக்கென்று யாழ்ப்பாணத்துக்குப் பாடசாலை மாறியவர்கள், கைநூலில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டே எந்த மாவட்ட வெட்டுப்புள்ளி தமக்குரியது என்று பார்க்க வேண்டும்.

இனி இடங்கள். வவுனியா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தில் சந்தைப்படுத்தலுக்குத் தனித் துறை உண்டு. ஜயவர்த்தனபுரத்திலும் களனியிலும் கொழும்பிலும் அப்படியே. தனித் துறை இருந்தாலும் எல்லாருக்கும் அதில் இடம் கிடைக்கும் என்றில்லை. பொதுவான பாடங்களைப் படித்துவிட்டுச் சிறப்புத் துறையைத் தெரிவுசெய்யும் முறை என்றால், சந்தைப்படுத்தலுக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள், எந்தப் பாடங்களின் பெறுபேற்றைப் பார்க்கிறார்கள் என்று இப்போது படிக்கும் அண்ணா, அக்காமாரிடம் கேளுங்கள். முதலாண்டு கணிதத்தில் தவறி, விரும்பாத துறையில் போய் விழுந்தவர்கள் எல்லாப் பீடங்களிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் கலைப் பிரிவு. தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம். எனக்கு மார்க்கெட்டிங் கதவு மூடிவிட்டதா?
— மாணவி, மல்லாவி

பதில்: முகாமைத்துவப் பட்டம் என்ற கதவுக்கு வர்த்தகப் பாடங்கள் வேண்டும், அது உங்களுக்குச் சிரமம். ஆனால் கலைப்பீடத்துக்குப் போனால் முதல் கடிதத்தில் சொன்ன லிபரல் ஆர்ட்ஸ் மாணவியின் நிலைதான் உங்களுக்கும், அதுவும் சொந்த நாட்டில், கட்டணம் இல்லாமல். முதலாண்டுப் பாடத் தெரிவில் பொருளியலை எடுங்கள். கூடவே சமூகவியல் அல்லது ஊடகக் கற்கைகள். புவியியலை விடாதீர்கள். கடை எங்கே வைப்பது, லொறி எந்த வழியால் சுற்றுவது, எந்தக் கிராமத்தை எந்த முகவரிடம் கொடுப்பது எல்லாம் வரைபட வேலைதான். புவியியல் தகவல் முறைமை தெரிந்த சந்தைப்படுத்தல்காரர்கள் குறைவு.

(இப்படிப் பரந்து படிக்கும் முறை நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்.)

தொழில் பக்கத்தைத் தனியாக நிரப்பலாம். 1970இல் தொடங்கிய இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவனம், ஸ்லிம் என்று சொல்வார்கள், ஆரம்பச் சான்றிதழிலிருந்து படிப்படியாகப் பரீட்சைகள் நடத்துகிறது. பிரித்தானியப் பட்டயச் சந்தைப்படுத்தல் நிறுவனத்தின் பரீட்சைகளும் இங்கே எழுதலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகளில் பட்டம் உண்டு. பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே இவற்றைத் தொடங்காதீர்கள். இரண்டு பரீட்சை அட்டவணைகளும் மோதும். இரண்டாம் ஆண்டு நல்ல நேரம்.

தனியார் நிறுவனம் ‘டிகிரி’ என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எத்தனையாவது மட்டம்? பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப்புள்ளிகள். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120. டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4. வெளிநாட்டுப் பட்டம் என்றால் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பதிலை எழுத்தில் தரத் தயங்கினால் எழுந்து வாருங்கள்.

கேள்வி: விரிவுரை ஆங்கிலத்தில். உயர்தரத்தில் தமிழில் நன்றாகத் தெரிந்த விடயங்கள்கூடக் குழம்புகின்றன.
— முதலாம் ஆண்டு மாணவன், செட்டிகுளம்

பதில்: குழப்பம் முழுவதும் ஆங்கிலத்தால் வந்ததில்லை. பாதி நம் கலைச்சொற்களால் வருகிறது. ‘நான்கு பி’ என்று 1960இல் மக்கார்த்தி வகுத்ததை நாம் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். ‘இடம்’ என்றதும் கடை இருக்கும் காணியைப் பற்றி எழுதுவார்கள். கேட்கப்படுவதோ, பொருள் ஆலையிலிருந்து முகவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை வழியாக எப்படிப் போகிறது என்பது. ‘மேம்படுத்தல்’ என்றதும் தரத்தைக் கூட்டுவது பற்றி எழுதுவார்கள். கேட்கப்படுவது விளம்பரம், விலைக்கழிவு, நேரடி விற்பனை.

இன்னொரு பொறி. நம் பாடப்புத்தகத்தில் கேள்வி, நிரம்பல் என்கிறோம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் அதையே தேவை, அளிப்பு என்பார்கள். சந்தைப்படுத்தலிலோ தேவை, விருப்பம், கேள்வி மூன்றும் மூன்று கருத்துகள். பசி தேவை, கொத்துரொட்டி விருப்பம், கையில் காசோடு வரும் விருப்பமே கேள்வி. இரண்டு நாட்டுச் சொல்லையும் கலந்து படித்தவர் இந்த முதல் அத்தியாயத்திலேயே வழுக்கி விழுவார்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: ஆங்கிலச் சொல், நம் பாடப்புத்தகச் சொல், வவுனியா பஜாரிலிருந்து ஓர் உதாரணம். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்தச் சொல் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. கூடவே பேச்சுச் சிங்களத்தையும் இப்போதே தொடங்குங்கள். மதவாச்சிக்கு அப்பால் விற்பனை வேலை பார்க்க ஆங்கிலம் மட்டும் போதாது.

கேள்வி: வறுத்த கச்சான் பக்கெற்றுக்குச் சந்தைப்படுத்தல் திட்டம் எழுதச் சொன்னார்கள். பக்கெற் ஒன்றின் செலவு 180 ரூபா. எனக்கு 25 வீதம், கடைக்கு 20 வீதம் இலாபம் வைத்து 270 ரூபா விலை போட்டேன். ‘விலை பிழை’ என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார்கள்.
— மாணவி, முள்ளியவளை

பதில்: 180இன் மேல் 25 வீதம் கூட்டி 225, அதன் மேல் 20 வீதம் கூட்டி 270 என்று வந்திருக்கிறீர்கள். அது செலவின் மேல் வைக்கும் இலாபம். கடைக்காரர் ‘20 வீதம்’ என்றால் விற்கும் விலையில் 20 வீதம். 270 ரூபாவில் அவர் 54ஐ எடுத்துக்கொள்வார். உங்களுக்கு வருவது 216. உங்கள் இலாபம் 36, அதாவது 16.7 வீதம்.

கூட்டாமல் வகுங்கள். 180ஐ 0.75ஆல் வகுத்தால் 240: கடைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. 240ஐ 0.80ஆல் வகுத்தால் 300: பக்கெற்றில் அச்சிடும் விலை. 300 அதிகம் என்று பட்டால் நிறையைக் குறையுங்கள், அல்லது இலாப வீதத்தைத் தெரிந்தே குறையுங்கள். தெரியாமல் குறைவதுதான் ஆபத்து.

திரும்பி வரும் பக்கெற்றுகளையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறோம். சிறு உற்பத்தியாளரிடம் கடைகள் ‘விற்றபின் காசு’ என்ற முறையில்தான் வாங்கும். நூறில் எட்டு காறிப்போய்த் திரும்பினால், செலவு 18,000, வரவு 92 பக்கெற்றுக்கு 22,080, மிச்சம் 4,080. நீங்கள் எதிர்பார்த்தது 6,000. பொலித்தீன் ஒட்டும் இயந்திரம் 12,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் 200 பக்கெற்றில் முதல் திரும்பும். உண்மையில் 295 வேண்டும். வறுக்கும்போது ஈரம் போய் நிறை குறையும், உடைந்ததும் கருகியதும் கழியும். பச்சைக் கச்சானின் நிறையை வைத்துச் செலவு போட்டிருந்தால் 180 என்பதே பிழை. வறுக்க முன்னும் பொறுக்கி எடுத்த பின்னும் நிறுங்கள்.

கேள்வி: இறுதி ஆண்டு ஆய்வு. ‘பொதி செய்த தயிர் வாங்குவதில் விளம்பரத்தின் செல்வாக்கு’ என்பது தலைப்பு. மேற்பார்வையாளர் 384 பேர் வேண்டும் என்கிறார். கூகிள் படிவம் ஒன்றை வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி 384 பேரைச் சேர்த்துவிடலாமா?
— மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: சேர்த்துவிடலாம், ஆனால் அந்த 384க்கு அர்த்தம் இருக்காது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 95 வீத நம்பிக்கைக்குரிய 1.96ஐ வர்க்கித்து, 0.25ஆல் பெருக்கி, ஐந்து வீதப் பிழைக்குரிய 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384. ஆய்வுக்குரிய எல்லாருக்கும் தெரிவாக வாய்ப்பு இருந்தால் மட்டுமே இந்தக் கணக்குச் செல்லும். வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் உங்கள் வயதுக்காரர், உங்கள் நண்பர்களின் நண்பர்கள். தயிர் வாங்குவது வீட்டில் அம்மா. அவரிடம் படிவம் போகவே போகாது.

ஆய்வுப் பரப்பைச் சுருக்குங்கள். முல்லைத்தீவு மாவட்டம் முழுவதும் என்று எழுதாமல் ஒரு கிராம அலுவலர் பிரிவு என்று எழுதுங்கள். அங்கே 420 குடும்பங்கள் என்று வைப்போம். சிறிய தொகுதிக்குத் திருத்தம் செய்யலாம்: 383ஐ 420ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஏறத்தாழ 1.91, 384ஐ அதனால் வகுத்தால் 201. இரண்டாவது வீடு ஒவ்வொன்றுக்கும் போனால் 210 வீடுகள், மறுப்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். முதல் வீடா இரண்டாம் வீடா என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள், மாலையில் திரும்பிப் போங்கள். பகலில் பூட்டியிருப்பது கூலிக்கும் கார்மென்ற்றுக்கும் போகிறவர்கள் வீடு. அவர்களை விட்டால் காசு கையில் புழங்கும் வீடுகளே விடுபடும். நாளுக்கு 12 வீடு என்றாலும் 18 நாட்கள். மேற்பார்வையாளரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். 384ஐ விட 201 நேர்மையானது என்பதை அவர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு பிரிவுகளை எடுங்கள்.

வன்னியில் கணக்கெடுப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2009க்குப் பின் கொப்பியோடு வந்தவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஏதோ உதவிக்கான பதிவுக்காகத்தான் வந்தார்கள். ‘பதிவு’ என்று நினைத்தால் வீட்டுக்காரர் இருப்பதைக் குறைத்துச் சொல்வார். தயிர் வாங்குகிறோம் என்று சொல்லவே தயங்குவார். வாசலில் நின்றபடியே மூன்றையும் சொல்லிவிடுங்கள்: இது பல்கலைக்கழகப் படிப்பு வேலை, இதனால் எந்த உதவியும் வராது, பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுத மாட்டேன். இலக்கம் கேட்காமல் விடுவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் நல்லது. வருமானத்தை நேராகக் கேட்க வேண்டாம். கடைசியாகத் தயிர் வாங்கியது எப்போது, எந்தக் கடையில், எவ்வளவு அளவு, என்ன விலை என்று கேளுங்கள். ‘வாங்குவீர்களா’ என்ற கேள்விக்கு நம் சனம் மரியாதைக்கு ‘ஓம்’ என்றுதான் சொல்லும்.

அந்த ‘ஓம்’ ஐந்து நிலை அளவுகோலையும் கெடுக்கும். ‘முற்றாக உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றாக உடன்படவில்லை’ வரை வாசித்துக் காட்டினால் வயதானவர்கள் முதலாவதிலேயே நின்றுவிடுவார்கள். ஐந்து கச்சான் கொட்டைகளை முன்னால் வைத்து, எவ்வளவு உண்மையோ அவ்வளவு கொட்டையை நகர்த்தச் சொல்லுங்கள். எதிர்மறையான கூற்றுகள் மூன்று நான்கு நடுவில் இருக்கட்டும். கணினியில் பதியும்போது அவற்றைத் தலைகீழாக மாற்ற மறந்தால் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரொன்பாக் அல்பா, வழக்கமாக எதிர்பார்க்கும் 0.7க்குக் கீழே போய் விழும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளின் பிழை என்று நினைத்து அந்தக் கூற்றுகளை நீக்குகிறவர்கள் பலர். நீக்க முன் இதைச் சரிபாருங்கள். ‘விலை குறைவாகவும் சுவையாகவும் இருப்பதால் வாங்குகிறேன்’ போன்ற கூற்றில் இரண்டு கேள்விகள் ஒட்டியிருக்கின்றன, பிரியுங்கள்.

வினாக்கொத்து பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்ததாக இருக்கும். ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். இரண்டு ஆங்கிலமும் ஒத்துவராத இடத்தில்தான் பிழை இருக்கிறது. பிறகு 10, 15 பேரிடம் சோதனை. அவர்கள் ‘என்ன பிள்ளை கேக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கூற்றையும் மாற்றி எழுதுங்கள்.

காலத்தையும் எழுத மறக்காதீர்கள். காலபோக அறுவடை முடிந்து காசு வந்த பங்குனியில் கிடைக்கும் பதிலும், விதைப்புக்கு நகை அடகில் இருக்கிற கார்த்திகையில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இரா. தயிருக்கு இன்னொன்று: மழைக்குப் பின் மேய்ச்சல் நன்றாக இருக்கும் மாதங்களில் முட்டித் தயிர் வீதியோரம் மலிவாகக் கிடைக்கும், பொதித் தயிரைத் தேடுவார் குறைவு. விளம்பரத்தின் செல்வாக்கு என்று நீங்கள் அளப்பது உண்மையில் புல்லின் செல்வாக்காக இருந்துவிடலாம்.

கேள்வி: மகள் மார்க்கெட்டிங் படிக்கப் போகிறாளாம். படித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக லீசிங்கும் இன்சூரன்சும் விற்பதுதானே வேலை?
— தந்தை, துணுக்காய்

பதில்: ஐயா, ‘மார்க்கெட்டிங் ஒபிசர்’ என்று பத்திரிகையில் வரும் விளம்பரங்களில் நிறைய அப்படித்தான், உங்கள் பயம் வீணானதல்ல. அவை விற்பனை வேலைகள், பெரும்பாலானவற்றுக்குப் பட்டம் தேவையே இல்லை. சந்தைப்படுத்தல் பட்டதாரி போகக்கூடிய மற்ற வேலைகள் வேறு: சந்தை ஆய்வு, வர்த்தகக் குறி முகாமைத்துவம், கூட்டுறவுச் சங்கங்களின் உற்பத்திகளுக்கு வாங்குநர் தேடுவது, இணைய விளம்பரம், ஏற்றுமதி. இவற்றில் பல இன்னும் கொழும்பில்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மகளை வெளியூரில் விட மனம் வருமா என்பதை அவள் படிக்கப் போக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விற்பனை வேலையைத்தான் முதலில் எடுக்க நேர்ந்தால் நியமனக் கடிதத்தை நீங்களும் வாசியுங்கள். அடிப்படைச் சம்பளம் என்று ஒரு தொகை எழுதியிருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12. நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3. ‘கமிஷன் மட்டும்’ என்றால் இவை ஒன்றும் எழுதப்பட்டிராது. இலக்கு எத்தனை, எட்டாத மாதம் என்ன நடக்கும், பெற்றோல் காசு யார் தருவது, அறவிடாத தவணைக்கு அவள் கையிலிருந்து கழிப்பார்களா என்ற நான்கையும் கையெழுத்துக்கு முன் கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘பிறகு பாப்பம்’ என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்.